வீட்டுக்கும் காருக்கும் எந்தக் கமரா? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளை வைத்து ஓர் ஒப்பீடு

கமரா பூட்ட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு, எதைப் பூட்டுவது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் கொஞ்ச நாளாக நிறையப் பேர் கேட்கிறார்கள். கல்லடியில் வாடகைக்கு இருக்கும் ஓர் ஆசிரியர், ஒரே ஒரு கமரா போதுமா என்கிறார். அக்கரைப்பற்றில் இன்னொரு வீடு, சொந்த வீடு, போர்ட்டிக்கோவில் கார். கடைக்காரர் நாலு கமரா செட்டுக்கு விலை எழுதிக் கொடுத்திருக்கிறார், மருமகனோ வைஃபை கமராவே காணும் என்கிறார். கனடாவில் இருக்கும் ஒருவருக்கு செங்கலடியில் பூட்டிக் கிடக்கும் அப்பாவின் வீட்டைப் பற்றிக் கவலை. வெல்லாவெளிப் பக்கம் வயல் வாடியில் நீர்ப்பம்பும் உழவு இயந்திரமும் வைத்திருப்பவருக்கு அங்கே கரண்டே இல்லை.

இந்த நாலு பேருக்கும் ஒரே கமராவைச் சொல்கிற கடைக்காரர் அவரிடம் இருக்கும் ஸ்டொக்கைத்தான் விற்கிறார். கடையில் முதலில் காட்டப்படுவது மெகாபிக்சல். அதைக் கடைசியாகப் பாருங்கள். நம்ம பக்கத்தில் ஒரு கமரா உதவுமா உதவாதா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு: கரண்ட் போன நேரத்தில் அது என்ன செய்கிறது, பதிவு எங்கே இருக்கிறது. மற்றதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

## எதை வைத்து அளப்பது

என்ன தெரிய வேண்டும்? "யார் வந்தது" என்று பிறகு பார்க்க ஒரு கமரா. "இப்போது யாரோ நிற்கிறார்" என்று போனுக்கு அறிவிக்க இன்னொரு விதமான கமரா. "என் கார் எங்கே போகிறது" என்பதற்கோ எந்த வீட்டுக் கமராவும் பதில் சொல்லாது. இந்த மூன்றில் எது உங்களுக்கு முக்கியம் என்று முதலில் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்.

முகம் தெரிய வேண்டுமென்றால் ஒரு கணக்கு இருக்கிறது. கண்காணிப்புக் கமராக்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 62676-4இன் 2015 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சலாவது வேண்டும் என்றது. 1080பி, அதாவது 2 மெகாபிக்சல் கமராவில் அகலவாக்கில் 1920 பிக்சல். சாதாரணமாகப் பூட்டுகிற 2.8 மில்லிமீற்றர் லென்ஸ் சுமார் 100 பாகை அகலம் பார்க்கும். கணக்குப் போட்டால் முகம் தெளிவாகக் கிடைப்பது ஏறத்தாழ 3 மீற்றர் தூரம் வரைதான். அதையே 4 மெகாபிக்சலாக்கினால் 4 மீற்றர் சொச்சம். காசு கூட, கிடைப்பது ஒரு மீற்றர். அதே 2 மெகாபிக்சலில் 4 மில்லிமீற்றர் லென்ஸ் கேட்டாலும் கிட்டத்தட்ட அந்தத் தூரம் வந்துவிடும், பார்வை அகலம்தான் குறையும். இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள். அதோடு சிலாப் உயரத்தில் பூட்டின கமராவுக்குத் தெரிவது ஹெல்மெட்டின் மேற்பக்கம்தான். கேற்றடியில் ஒன்றாவது இரண்டு, இரண்டரை மீற்றர் உயரத்துக்கு வர வேண்டும்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 ஆந்தேதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. இவை பெரிய கதைகள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழைக்குப் போகிற சின்னச் சின்னக் கரண்ட் கட்டுகளுக்குக் கணக்கே இல்லை. இருட்டும் மழைச்சத்தமும் சேர்ந்த அந்த நேரத்தில் கமரா தூங்கினால் மற்ற நேரத்தில் அது விழித்திருந்து என்ன?

பதிவு எங்கே? கமராவுக்குள் இருக்கும் கார்டிலா, அலுமாரிக்குள் இருக்கும் பெட்டியிலா, இணையத்திலா? கமராவைக் கழற்றிக்கொண்டு போனால் பதிவும் சேர்ந்து போகிறதா?

உப்பு, மழை, இடி. எழுவான்கரையில் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்), அதுவும் கடற்கரை வீதிக்குக் கிட்ட, ஆணி துருப்பிடிக்கிற வேகம் உங்களுக்குத் தெரியும். கமராவின் ஸ்டாண்டும் திருகாணியும் கனெக்டரும் அதே காற்றில்தான் இருக்கப் போகின்றன.

பின்னால் வருகிற செலவு. கரண்ட் பில், டேட்டா, ஹார்ட் டிஸ்க், மாதச் சந்தா, ஏணி வைத்து ஏறுகிற பையனின் கூலி.

## 1. வைஃபை கமரா, உள்ளே மெமரி கார்ட்

டிபி-லிங்க் டேப்போ, ஈஸ்விஸ், ஐமூ, ஷாவ்மி என்று கடையில் தொங்குவதெல்லாம் இந்த வகை. ஈஸ்விஸ் ஹிக்விஷனின் கிளை, ஐமூ டாஹுவாவின் பக்கம், இரண்டும் சீனாவின் பெரிய கமராக் கம்பனிகள். பெயர் தெரியாத பெட்டிகளைவிட இவற்றில் செயலி ஒழுங்காக ஓடும். பிளக் பொயின்ட் ஒன்று, வீட்டில் வைஃபை, அவ்வளவுதான். பாதி நாளில் பூட்டலாம், வீடு மாறினால் கழற்றிக் கொண்டு போகலாம். ஆள் நடமாட்டம் கண்டால் போனுக்கு உடனே சொல்வதில் இதுதான் கெட்டி.

கார்ட் எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1080பி படத்துக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வையுங்கள். 24 மணித்தியாலத்துக்கு 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஆறு நாள்கூட முழுதாக வராது, அதன்பின் பழையதை அழித்து எழுதும். இரவும் பகலும் எழுதி அழிக்கிற வேலைக்கென்றே 'ஹை என்டியூரன்ஸ்' என்று எழுதிய கார்ட் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். போனில் கிடந்த பழைய கார்டைப் போட்டால் ஒரு நாள் அது சத்தமில்லாமல் செத்துவிடும், நீங்கள் அறிவது பதிவு தேவைப்படுகிற அன்றைக்குத்தான்.

குறைகள் சில, மறைவானவை. இந்த விலைக் கமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டும் எடுக்கும். அதோடு ரவுட்டர் முன் ஹோலில், கமரா பின் வளவில், நடுவில் மூன்று கொங்கிறீட் சுவர் என்றால் படம் திக்கித் திக்கி வரும். கரண்ட் போனால் கமராவும் போகும், ரவுட்டரும் போகும். இதற்கு இப்போது எங்கும் கிடைக்கிற மினி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் பற்றரியில் ஓட வைக்கிற சின்னப் பெட்டி) போதும். ரவுட்டருக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், கமராவின் அடாப்டரில் 5 என்றிருக்கிறதா, 9 அல்லது 12 என்றிருக்கிறதா என்று பார்த்து அதே அளவு வெளியீடு உள்ளதை எடுங்கள். மின்செலவு ஒரு கமராவுக்கு 5 வோட் அளவு, மாதத்துக்கு நாலு யூனிட்டுக்கும் குறைவு.

பெரிய குறை, கமராவைக் கழற்றினால் கார்டும் போய்விடும். அதனால் இதை கைக்கு எட்டுகிற மதிலில் பூட்டாதீர்கள். ஒன்று வீட்டுக்குள்ளிருந்து கேற்றைப் பார்க்கட்டும், இன்னொன்று அந்தக் கமராவையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

வாடகை வீடு, மாடி வீட்டின் ஒரு பகுதி, ஒன்றிரண்டு கமரா மட்டும் வேண்டியவர்கள் இங்கேயே நிற்கலாம். மூன்று, நாலு என்று எண்ணிக்கை ஏறினால் மட்டும் அடுத்ததைப் பாருங்கள். நாலு கார்ட், நாலு அடாப்டர், நாலு பிளக் பொயின்ட் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும்போது மலிவாக இருந்தது மலிவில்லாமல் போகும்.

## 2. வயர் கமரா, டிவிஆர் பெட்டி

கடைக்காரர்கள் 'நாலு கமரா செட்' என்று சொல்வது இது. கோஎக்ஸ் வயர் (டிவி அன்ரனா வயர் மாதிரி), 12 வோல்ட் பவர் சப்ளை, பதிவு செய்கிற டிவிஆர் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க். பழைய தொழில்நுட்பம் என்று மருமகன்மார் முகம் சுளிப்பார்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காரணம் எளிது. வைஃபை இல்லாமல் ஓடும். இணையத்துக்குக் காசு கட்ட மறந்தாலும் பதிவாகும். கமராவை உடைத்தாலும் உடைத்தவனின் முகம் உள்ளே இருக்கும் பெட்டியில் இருக்கும். வயரும் பூட்டும் முறையும் எல்லா இடத்திலும் ஒன்று என்பதால் கல்முனையிலோ காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ ஒருவர் வந்து திருத்திவிடுவார். நாலு கமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட் என்றால் நாளைக்கு 86 ஜிபி. 1 டெராபைட் டிஸ்க்கில் பதினொரு நாள் நிற்கும். கதிர்காமப் பாதயாத்திரைக்கோ உம்றாவுக்கோ போய் இரண்டு, மூன்று கிழமை கழித்து வருகிற குடும்பமென்றால் 2 டெராபைட் போடுங்கள், அல்லது அசைவு இருந்தால் மட்டும் பதிவாகும்படி வையுங்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது டிஸ்க். விலை குறைந்த செட்டுக்குள் கணினியிலிருந்து கழற்றின பழைய டிஸ்க்கைப் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. வெஸ்டேர்ன் டிஜிட்டல் பேர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் என்று கண்காணிப்புக்கென்றே செய்த டிஸ்க்குகள் இருக்கின்றன; எது போடப் போகிறார் என்று விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டில் 18 வீத வற் சேர்ந்ததா சேராததா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், மறுகா வாக்குவாதம் வேண்டாம்.

இரண்டாவது கரண்ட் பில். பெட்டியும் நாலு கமராவும் சேர்ந்து 30 வோட் அளவு எடுத்தால் மாதத்துக்கு 21 யூனிட் சொச்சம். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் நம்முடைய வீட்டுக் கட்டணம் 60, 90 என்று படிபடியாக ஏறுவது. 80 யூனிட்டில் நிற்கிற வீடு 100ஐத் தாண்டினால் அலகு விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். கடைசி மூன்று பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது யூபிஎஸ். 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி, அதாவது 84 வோட்-மணி. வழியில் வீணாவது போக, 30 வோட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்குமேல் கொஞ்சம் ஓடும். மழைக்காலக் கரண்ட் கட்டுக்கு அது பெரும்பாலும் காணும். பற்றரியை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற செலவையும் இதில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இடிதான் இந்த முறையின் பகை. வளவின் நாலு மூலைக்கும் ஓடுகிற செப்பு வயர் மின்னலின் அதிர்ச்சியை நேராகப் பெட்டிக்குக் கொண்டு வரும். இடி முழங்கினால் வீட்டில் எல்லா பிளக்கையும் இழுத்துவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு, நல்ல பழக்கம், ஆனால் அதோடு கமராவும் அணைந்துவிடுகிறது. யூபிஎஸ் இருந்தால் அதன் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டு மழை விடும்வரை பற்றரியில் ஓட விடலாம். கமரா வயர் வழியாக வருவதை இது தடுக்காது. ஒழுங்கான எர்த்தும், மெயின் போர்டில் திடீரென ஏறுகிற வோல்ட்டைத் தடுக்கிற ஒரு சேர்ஜ் ப்ரொடெக்டரும், முடிந்தால் வயர்களுக்கும் தனித்தனி ப்ரொடெக்டரும் இருந்தால் ஆபத்துக் குறையும். நேரே விழுகிற இடிக்கு எதுவும் நிற்காது.

உப்புக்கு: கனெக்டர்களை வெளியே தொங்கவிடாமல் கமராவுக்குப் பின்னால் ஜங்ஷன் பொக்ஸ் போட்டு அதற்குள் அடக்கச் சொல்லுங்கள். தூசியும் தண்ணீரும் புகாது என்று காட்ட கமராவில் ஐபி67 என்று எழுதியிருப்பது உடம்புக்குத்தான், வாலில் தொங்குகிற வயர் மூட்டுக்கு இல்லை. கடற்கரைப் பக்கம் பழுதாகிற கமராக்களில் கமராவைவிட அந்த மூட்டுத்தான் முதலில் போகிறது. திருகாணி 316 தர ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் நல்லது, 304 பரவாயில்லை, வெள்ளி மெருகிட்ட சாதாரண ஆணி வேண்டாம். உடம்பு பிளாஸ்டிக்காக இருப்பது இந்தக் காற்றுக்குக் குறை ஒன்றும் இல்லை.

பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். வந்தவன் முதலில் பார்க்கிற இடம் அது.

## 3. ஐபி கமரா, என்விஆர்

ஐபி கமரா என்பது கணினி நெட்வேர்க் வயரில் ஓடுகிற கமரா, என்விஆர் அதன் பதிவுப் பெட்டி. ஒரே நெட்வேர்க் வயரில் கரண்டும் படமும் போகும், அதுதான் பிஓஈ. படம் தெளிவு, ஆளையும் நாயையும் பிரித்தறிவதிலும் கெட்டித்தனம் அதிகம். விலையும் அதிகம். வயர் நீளம் 100 மீற்றருக்குள் இருக்க வேண்டும், சாதாரண வளவுக்கு அது பிரச்சினை இல்லை. வயர் வாங்கும்போது முழுச் செப்பா, அலுமினியத்துக்கு மேல் செப்புப் பூசியதா என்று கேளுங்கள். பூசியது மலிவு, நீண்ட ஓட்டத்தில் கமராவுக்குப் போய்ச் சேர்கிற வோல்ட் குறைந்துவிடும்.

புது வீடு கட்டுகிறவர்கள் கமராவை இப்போது வாங்காவிட்டாலும், சுவர் பூச முன்பே பைப்பும் வயரும் ஓட விடுங்கள். கட்டி முடித்த வீட்டில் பழைய கோஎக்ஸ் வயர் கிடந்தால் இதற்கு மாறுவதற்குப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டை வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கூடுதல் காசு பொருந்தும், ஏனென்றால் காற்றுக்கு ஆடுகிற வாழை இலைக்கெல்லாம் நடுச்சாமத்தில் ரொறன்ரோவில் போன் அடித்தால் ஒரு கிழமையில் அறிவிப்பையே அணைத்துவிடுவார்கள்.

## 4. சிம் போடுகிற சோலார் கமரா

வயல் வாடி, தென்னந்தோட்டம், கட்டி முடியாத வீடு. கரண்டும் இல்லை, வைஃபையும் இல்லை என்றால் இதைவிட்டால் வழியில்லை. மற்ற வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

இது எந்நேரமும் பதிவு செய்வதில்லை. உடம்புச் சூடு கண்டால் விழித்துக்கொள்ளும், விழிக்க ஒரு நொடி, சிலதில் அதற்கும் மேல். அதற்குள் மோட்டர்சைக்கிள் தாண்டிப் போய்விடும். ஆறுதலாக வருகிறவரைப் பிடிக்கும். படுவான்கரைப் பக்கம் (வாவிக்கு மேற்கே) ஆறுதலாக வருவது யானையாகவும் இருக்கலாம், அந்த அறிவிப்புக்காகவே இதை வாங்குகிறவர்கள் உண்டு. நெல் மூட்டை வாடியில் இருக்கிற நாட்களில் அது வீணான செலவில்லை.

மார்கழி மழையில் நாலைந்து நாள் வெயிலே காணாவிட்டால் பற்றரி இறங்கும். மாறாக கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேறு தொல்லை: லித்தியம் பற்றரியைப் பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது, நேர் வெயிலில் நிற்கிற கமராவின் உடம்பு அதைத் தாண்டிவிடும். தகடு வெயிலில் இருக்கட்டும், கமரா நிழலில் இருக்கட்டும். இரண்டும் தனித்தனியாக உள்ளதை வாங்குங்கள். தகட்டைத் தெற்குப் பார்த்து, தூசி மழையில் கழுவுப்படும் அளவுக்கு ஒல்லுப்போலச் சாய்த்தால் போதும்.

சிம் எதுவென்று கமராவை வாங்கமுன் பாருங்கள். இரண்டு கம்பனி சிம்மைப் போனில் போட்டு, கமரா நிற்கப் போகிற இடத்திலேயே நின்று ஒரு வீடியோவை அனுப்பிப் பாருங்கள். நேரலையை நல்ல தரத்தில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 1 ஜிபிக்குக் கிட்டப் போகும். வெளிநாட்டிலிருந்து கொண்டு வருகிற சிம் கமராவானால் அது 1800 மெகாஹேர்ட்ஸில் 4ஜி எடுக்குமா என்று பெட்டியில் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்தவற்றில் அது இல்லாமல் போகலாம்.

## மச்சான் அனுப்பின கமரா

லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் பெட்டியில் ரிங் என்ற கம்பனியின் கமராவும் கமரா வைத்த வாசல் மணியும் வருகின்றன. அன்பளிப்பை வேண்டாம் என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் தெரிந்து பூட்டுங்கள். மாதச் சந்தா கட்டாவிட்டால் ரிங்கில் நேரலையும் அறிவிப்பும் வரும், பதிவைத் திரும்பப் பார்க்க முடியாது. சந்தா வெளிநாட்டுக் காசில். வயரில் பூட்டுகிற மணி வகை 24 வோல்ட்டுக்கு மேற்படாத ட்ரான்ஸ்போமருக்குச் செய்தது, இங்கே பல வீட்டில் மணிக்கு நேரே 230 வோல்ட் போகிறது, எலெக்ட்ரீஷியனைக் கேட்காமல் இணைத்தால் மணி முதல் நாளே முடிந்துவிடும். அனுப்ப முன்னரே கேட்கிற மச்சான் என்றால், கார்ட் போடக்கூடியதாகப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

## கார்

தனியார் வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய வாகனமும் அதன் உதிரிப்பாகமும் ஏறின விலைக்கு, முழுக் காரைக் கொண்டு போவதைவிட சைட் மிரரைக் கழற்றுவது ஒருவனுக்கு இலகு. ஆகவே போர்ட்டிக்கோவுக்கென்று ஒரு கமராவை ஒதுக்குங்கள்: காருக்குப் பின்னால் இருந்து கேற்றைப் பார்க்கிற கமரா வேண்டாம், வருகிறவனின் முகமும் காரின் இரு பக்கமும் ஒன்றாகத் தெரிகிற கோணம் வேண்டும். இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் இலக்கத் தகட்டில் பட்டுத் தெறித்து வெள்ளையாகிவிடும், எனவே தெருவில் போகிற வாகனத்தின் இலக்கத்தை இந்தக் கமராவில் எதிர்பார்க்காதீர்கள்.

காருக்குள் டாஷ் கமரா பூட்டி, 'பார்க்கிங்' முறையில் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கடைத்தெருவிலோ வைத்தியசாலை வாசலிலோ நிறுத்துகிற காருக்கு அது நல்லது. வீட்டில் நிற்கிற காருக்கு இரண்டாந்தரம்தான். 4 வோட் எடுக்கிற டாஷ் கமரா மூன்று நாள் தொடர்ந்து ஓடினால் 24 அம்பியர்-மணி இழுத்துவிடும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களின் சின்ன 12 வோல்ட் பற்றரிக்கு அது தாங்காது, திங்கட்கிழமை காலையில் கார் எழும்பாது. வோல்ட் இறங்கினால் தானே துண்டிக்கிற வயர் செட்டோடு பூட்டுங்கள். உள்ளே லித்தியம் பற்றரிக்குப் பதில் கபாசிட்டர் வைத்த டாஷ் கமராவைத் தேடுங்கள், பூட்டிய காரின் சூட்டில் பற்றரி ஊதிவிடும்.

கார் போய்விட்டால் எங்கே என்று சொல்வது சிம் போட்ட ஜிபிஎஸ் ட்ராக்கர். அதன் விலை ஒரு வைஃபை கமராவோடு ஒப்பிடக்கூடியது. தெருவில் நிறுத்துகிறவர்கள் இரண்டாவது கமராவுக்கு முன் அதை யோசிக்கலாம்.

## ஒரு பார்வையில்

| | வைஃபை + கார்ட் | டிவிஆர் செட் | என்விஆர், பிஓஈ | சிம் + சோலார் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | குறைவு | நடுத்தரம் | கூட | ஒன்றுக்கு நடுத்தரம் |
| கரண்ட் போனால் | மினி யூபிஎஸ் வேண்டும் | யூபிஎஸ் வேண்டும் | யூபிஎஸ் வேண்டும் | ஓடும் |
| பதிவு | கமராவுக்குள் | வீட்டுக்குள் | வீட்டுக்குள் | கமராவுக்குள் |
| இடி ஆபத்து | குறைவு | கூட | கூட | குறைவு |
| உடனடி அறிவிப்பு | நல்லது | சுமார் | மிக நல்லது | நல்லது, பிந்தலாம் |
| மாதச் செலவு | இணையம் | கரண்ட் | கரண்ட், இணையம் | டேட்டா |

## எதை வாங்கினாலும்

கமராவின் அகச்சிவப்புக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லியும் சிலந்தியும் வரும், சிலந்தி லென்ஸுக்கு முன்னாலேயே கூடு கட்டும், பிறகு இரவு முழுக்க வெள்ளைப் புகை மாதிரி ஒரு படம். மாதம் ஒருமுறை துடைப்பது யார் என்று வீட்டில் முடிவெடுங்கள். அதைவிட நல்லது, கமராவிலிருந்து சில அடி தள்ளி 9 வோட் எல்ஈடி பல்ப் ஒன்றை இரவு முழுக்க எரிய விடுவது. மாதத்துக்கு மூன்று யூனிட் சொச்சம், படமும் நிறத்தோடு வரும், வருகிறவனும் யோசிப்பான். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் இரண்டாவது கமராவை விட்டுவிட்டு இந்தப் பல்ப்பையும் கேற்றுக்கு நல்ல பூட்டையும் போடுங்கள்.

பக்கத்து வளவுக் கிணற்றடி கமராவில் விழக்கூடாது. சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன், பெண்கள் குளிக்கிற இடத்தைப் பார்த்து ஒரு கமரா நின்றால் அந்த அயலோடு உறவு முடிந்தது. பெரும்பாலான செயலிகளில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கிற வசதி இருக்கிறது. மறைத்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

கடவுச்சொல். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கமராக்களையும் டிவிஆர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது, பெரிய தந்திரம் ஏதுமில்லை, தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. இங்கே அதோடு இன்னொன்றும் நடக்கிறது: பூட்ட வந்த தம்பி தன்னுடைய போன் கணக்கிலேயே பெட்டியைப் பதிவு செய்து, உங்களுக்குப் 'பகிர்ந்து' மட்டும் விட்டுப் போவார். பல செயலிகளில் ஒரு பெட்டி ஒரு கணக்குக்கு மட்டுமே சொந்தம். உங்கள் வீட்டின் உரிமை அவரிடம் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், போனை மாற்றினாலோ கட்டாருக்குப் போனாலோ நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் முன்னால் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நேரமும் திகதியும் சரியா என்று அடிக்கடி பாருங்கள். இணையம் இல்லாத பெட்டியில் கடிகாரம் மெல்ல விலகும், கரண்ட் போய் வந்தால் சிலது பழைய ஆண்டுக்கே போய்விடும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் இப்படியான பதிவுகளை நீதிமன்றத்தில் ஏற்க வழி செய்கிறது, ஆனால் கருவி ஒழுங்காக வேலை செய்தது, பதிவு மாற்றப்படவில்லை என்ற கேள்வி வரும். திருட்டு நடந்தால் டிவியில் ஓடுகிற படத்தைப் போனால் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதோடு நிற்காமல், மூலப் பதிவைப் பென்டிரைவில் இறக்கி வைத்துவிட்டுப் பொலிசுக்குப் போங்கள். பதினொரு நாளில் டிஸ்க் அதன்மேல் எழுதிவிடும்.

## கேட்ட நாலு பேருக்கும்

கல்லடி ஆசிரியருக்கு வைஃபை கமரா ஒன்று, ஜன்னலுக்குள்ளிருந்து அல்லது சிலாப்புக்குக் கீழிருந்து வாசலைப் பார்க்கட்டும், மினி யூபிஎஸ் கட்டாயம்.

அக்கரைப்பற்று வீட்டில் கடைக்காரர் சொல்வது சரி, மருமகன் சொல்வதிலும் பாதி சரி. டிவிஆர் செட், கேற்றுக்கும் போர்ட்டிக்கோவுக்கும் 4 மில்லிமீற்றர் லென்ஸ், மற்ற இரண்டுக்கும் 2.8, அதோடு அறிவிப்புக்கென்று ஹோலுக்குள் ஒரே ஒரு வைஃபை கமரா. இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன.

செங்கலடி வீட்டுக்கு பைபர் இணைப்பு இழுக்க முடிந்தால் என்விஆர். அதைவிட முக்கியம், அறிவிப்பு வந்தால் ஐந்து நிமிடத்தில் போய்ப் பார்க்க ஒரு சொந்தக்காரர். அப்படி ஒருவர் இல்லையென்றால் கனடாவிலிருந்து நீங்கள் பார்க்கப் போவது திருட்டின் நேரலைதான், ஆகவே முதலில் அந்த ஆளைப் பிடியுங்கள், அவர் போனிலும் செயலியைப் போடுங்கள்.

வெல்லாவெளி வாடிக்கு சிம் சோலார் கமரா. அறுவடைக்காலத்தில் மட்டும் டேட்டா போட்டுக்கொள்ளலாம், மற்ற மாதங்களில் நீர்ப்பம்பைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வருவது இன்னும் மலிவு.

கடைக்காரருக்கு மிச்சக் காசைக் கொடுப்பதை இரவு எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசல் லைட்டை அணைத்து, மெயின் சுவிட்சை இறக்கி, வீட்டில் ஒருவரை ஹெல்மெட்டோடு கேற்றால் நடந்து வரச் சொல்லி, அந்தப் பதிவை அவர் முன்னாலேயே எடுத்துப் பாருங்கள்.